விசாவில் பாடில்லை, பெயரில்தான் பாடு

மாலைத்தீவுக்குப் போகிறோம் என்றதும் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் புளோக்கில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "விசாவுக்கு எவ்வளவு கட்டினீங்க?" என்பதுதான். ஒரு காசு கட்டவில்லை. ஏறக்குறைய எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தலைநகர் மாலேயில் இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாக அனுமதி தருகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம், குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். கேட்பது அவ்வளவுதான். அப்படியிருந்தும் நானும் அம்மாவும் கிளம்புவதற்குள் மூன்று வாரம் அலைந்தோம். அதற்கு மாலைத்தீவைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் எங்கள் பெயரால் வந்தது.

நம் மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில் இருக்கும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற பிரிவே கிடையாது. நடுவில் 'இன்னாரின் மகன்' என்பதற்கு ஏ/எல், 'மகள்' என்பதற்கு ஏ/பி வேறு. விமான டிக்கெட் படிவத்துக்கு இது எதுவும் புரியாது. குடும்பப் பெயர் கேட்கும். அந்தச் சாய்கோட்டைத் தட்டினால் சிவப்பு எழுத்தில் திட்டும். கோட்டை எடுத்துவிட்டு ஏபி என்று சேர்த்து எழுதி, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு நான் என் டிக்கெட்டை முடித்தேன். அம்மாவுடையதைத் தம்பி எடுத்தான், நடுராத்திரி மலிவு விற்பனையில், தூக்கக் கலக்கத்தில். தான் பள்ளியில் படித்த ஸ்பெல்லிங்கில் அம்மா பெயரை எழுதிவிட்டான். அம்மா பிறந்தது தோட்டத்தில். தோட்டக் கணக்கர் கிராணியார் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பிறப்புச் சான்றான சூராப்பிலும், அடையாள அட்டையான ஐசியிலும் கடப்பிதழிலும் ஏறியிருக்கிறது. அதில் 'டி' ஒன்று கூடுதல், கடைசி எழுத்தும் வேறு. அதைத் திருத்த விமான நிறுவனத்தின் அரட்டைப் பெட்டியில் இரண்டு நாள் ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு மனிதர் வந்தார். கடப்பிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், பத்து நிமிடத்தில் மாற்றித் தந்தார்.

அப்போதுதான் அந்தப் படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. அம்மாவின் கடப்பிதழுக்கு நான்கு மாதம்தான் பாக்கி. மாலைத்தீவு விதிப்படி அது தாராளம். ஆனால் விமான நிலைய முகப்பில் ஆறு மாதக் கணக்குச் சொல்லி யாராவது நிறுத்தினால், அங்கே நின்று அவரிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. கடப்பிதழ் எடுத்துத் தரும் அரசாங்கச் சேவை மையமான புடு யுடிசிக்குக் கூட்டிப் போனேன். வழக்கமாக 200 வெள்ளி (ரிங்கிட்), 60 வயது தாண்டியவர்களுக்கு 100. காலையில் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் புதுப் புத்தகம் கையில் கிடைத்துவிட்டது. புதுப் புத்தகம் என்றால் புது எண். டிக்கெட்டில் கொடுத்திருந்த எண்ணை மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. கடப்பிதழைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும், சரி, நடந்தது நடந்துவிட்டது.

அடுத்தது இமுகா. பயணிகள் இணையத்தில் நிரப்ப வேண்டிய அறிவிப்புப் படிவம் அது. ஆளுக்கு ஒன்று, விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் விமானம் வெள்ளிக்கிழமை ராத்திரி, அதனால் திங்கள் ராத்திரிக்கு அப்புறம்தான் உட்கார்ந்தேன். தேடியதும் முதலில் வந்த தளம் கடைசிப் பக்கத்தில் டாலரில் கட்டணம் கேட்டது. சட்டென்று மூடினேன். மாலைத்தீவுக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது முழுக்க இலவசம். முகவரி எம்வி என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடப்பிதழ்ப் பக்கம், முகப்படம், விமான எண், தங்குமிடம் கொடுத்தால் ஒரு கியூஆர் குறியீடு வரும். திரும்பி வரும்போதும் இதே படிவத்தை இன்னொரு முறை நிரப்ப வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: விசா இலவசம் என்றாலும் டிக்கெட் விலைக்குள்ளேயே வெளியேறும் வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர் ஒளிந்திருக்கிறது. சாதாரண வகுப்புக்கே இவ்வளவு. பசுமை வரி தனி. மாஃபுஷி தீவில் நாங்கள் தங்கிய சின்ன விடுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர், பெரிய ரிசார்ட்டுகளில் 12. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் டாலராக மாற்றிக்கொண்டு போனது போதுமானதாக இருந்தது.

கிளம்பும் முந்தின ராத்திரி அம்மாவின் பெட்டியைச் சரிபார்த்தேன். மது, பன்றி இறைச்சி எங்களிடம் இல்லை. 2024 நவம்பரிலிருந்து வேப் எனும் மின்சிகரெட்டும் கூடாது என்று தம்பியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், அவன் வராவிட்டாலும். ஆனால் வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுபோகக் கூடாது. சுருட்டி வைத்த சுங்குடிச் சேலைக்குள் கட்டைவிரல் உயரப் பித்தளைப் பிள்ளையார், மூக்கு தேய்ந்து பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளையார் என்னடி கள்ளச் சரக்கா?"

"அந்த ஊர்ச் சட்டம்மா."

பேசாமல் வாங்கிப் பூஜை அறையில் வைத்துவிட்டு வந்தார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சுங்கத்தில் பறிகொடுப்பதைவிடப் பிள்ளையார் வீட்டில் இருப்பது மேல்.

கேஎல்ஐஏ விமான நிலைய முகப்பில் இமுகா குறியீட்டைக் கேட்டார்கள், காட்டினோம். நாலரை மணி நேரத்துக்குள் மாலே. நம்மைவிட மூன்று மணி நேரம் பின்னால். குடிநுழைவு அதிகாரி அம்மாவின் பெயரை ஒருமுறை உதட்டால் படித்துப் பார்த்தார், ஏ/பி வந்த இடத்தில் சற்று நின்றார், திரும்பும் டிக்கெட்டையும் விடுதிப் பதிவையும் பார்த்தார், விட்டுவிட்டார். மூன்று வார அலைச்சலுக்கு இரண்டு நிமிடம்!

வெளியே போகும் முன் பெட்டிகள் எக்ஸ்ரேக்குள் போயின. அம்மாவின் பெட்டியை மட்டும் திறக்கச் சொன்னார்கள். நெத்திலிச் சம்பல் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்த இளைஞர் சிரித்துக்கொண்டே "மஸ்?" என்றார். மாலைத்தீவின் திவேஹி மொழியில் அது மீன். அம்மாவுக்குத் தெரிந்ததோ மலாய் 'மாஸ்'தான். இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "தங்கமெல்லாம் இல்லப்பா, இந்த ரெண்டு வளையல்தான்" என்றார்.