பாய் விற்கும் எங்கள் வெப்சைட்டைத் திருத்திய கதை

எங்கள் வீட்டில் பாய் நெய்வது சாச்சி (சித்தி), விற்பது வாப்பா, வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது நான். ஊர் பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில் இருக்கிறது. தளம் போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அதை முழுசாகப் பிரித்துத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் ஒரு கல்யாணப் பாயால்தான் வந்தது.

மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்து தருவது எங்கள் ஊர்ப் பாயின் தனிச் சிறப்பு. ஒருவர் தளத்தில் இருந்த படிவத்தில் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். ல, ள, ழ மூன்றுக்கும் பலர் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தைத்தான் போடுகிறார்கள். நாங்களாகவே ஒன்றை முடிவு செய்தோம். மூன்று வாரம் உட்கார்ந்து சாச்சி நெய்த பாய் அது. பிரித்துப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மா போன் செய்து, "பொண்ணு பேரே தப்பா இருக்கே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பாய் இன்னமும் பரணில் சுருட்டியபடி இருக்கிறது. சாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் தளத்தைச் செய்து கொடுத்தவர்களிடம் போனேன். புது டிசைன் போடலாம், படங்கள் பறந்து வருகிற மாதிரி வைக்கலாம் என்றார்கள். பறப்பதால் பெயர் சரியாகிவிடாது என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

அப்புறம் செய்த வேலைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வாப்பாவின் போன் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்து, "யார் கூப்பிட்டாலும் அவங்க கேக்குற முதல் கேள்விய மட்டும் எழுதுங்க வாப்பா" என்றேன். இரண்டு மாதத்தில் நோட்டில் பதினோரு பக்கம் ஓடியிருந்தது. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். என்ன விலை? மூணுக்கு ஆறுன்னா கட்டிலுக்கு வருமா? எத்தனை நாளில் கிடைக்கும்? மடித்து அனுப்புவீர்களா, சுருட்டி அனுப்புவீர்களா? தண்ணீர் பட்டால் சாயம் போகுமா? பேர் எத்தனை எழுத்து வரைக்கும் போடலாம்? இவற்றில் ஒன்றுக்கும் எங்கள் தளத்தில் பதில் இல்லை. விலை இருக்க வேண்டிய இடத்தில் 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்' என்று இருந்தது. தொடர்பு கொள்ள வேண்டிய எண்ணோ ஒரு படத்துக்குள் இருந்தது. அதைத் தொட்டால் போன் போகாது. மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து அழுத்த வேண்டும்.

முதல் பக்கத்தில் இருந்தது வரலாறு. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போன கதை, புவிசார் குறியீடு கிடைத்த கதை. எங்களுக்கு அது பெருமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் நோட்டில் பதினோரு பக்கத்திலும் ராணியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை முதல் பக்கத்திலிருந்து எடுக்கச் சம்மதிக்க வாப்பாவுக்கு இரண்டு நாள் ஆயிற்று. நீக்கவில்லை, 'எங்கள் ஊர்' என்று தனிப் பக்கமாக வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இப்போது பாய், அளவு, விலை, எத்தனை நாள், கூப்பிட ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

விலை போடுவதில் வாப்பாவுக்குப் பெரிய தயக்கம். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக் குறைத்து விற்பாரே என்ற பயம் நியாயமானதுதான். சாதாரணப் பாய்க்கு நேரான விலையும், பட்டுப் போல் மெல்லிதாக நெய்கிற பாய்க்கு 'இதிலிருந்து' என்று தொடக்க விலையும் போட்டோம். மெல்லிய பாய் ஏன் அவ்வளவு விலை என்பதற்கு நான்கு வரி எழுதினேன்: கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, சாயம் ஏற்றி, பாவுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற நூலுக்கு, பருத்தி நூலோ பட்டு நூலோ போட்டு நெய்வதால் நாள் அதிகம் பிடிக்கிறது என்று. விலையைக் கேட்டு உடனே போனை வைத்துவிடுகிறவர்கள் குறைந்தார்கள். கூப்பிடுகிறவர்கள் வாங்கும் முடிவோடு கூப்பிடுகிறார்கள்.

இணையதளங்களின் பயன்பாட்டை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரைப் பயன்படுத்தவிட்டுப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று 2000-ல் எழுதினார். எங்கள் தெருவில் ஐந்து பேர் கிடைப்பது கஷ்டமா? ஆட்டோ ஓட்டுகிற அண்ணாச்சி, சேரன்மகாதேவியில் பள்ளியில் படிப்பிக்கிற டீச்சர், கல்லூரிக்குப் போகிற என் தங்கை, மளிகைக்கடை மாமா, ஐந்தாவதாகச் சாச்சி. கையில் போனைக் கொடுத்து, "ஒரு கல்யாணப் பாய்க்கு ஆர்டர் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருப்பதுதான் கடினம். 'அந்த மூலையில் தொடுங்க' என்று வாய் வரைக்கும் வந்துவிடும்.

சாச்சியின் விரல் நுனிகள் கோரை இழுத்து இழுத்துக் காய்ந்து போனவை, நகக்கண்ணில் எப்போதும் சிவப்புச் சாயம். மூலையில் இருந்த, மெனுவைத் திறக்கிற மூன்று கோட்டுக் குறியை ஐந்து தடவை தொட்டார். ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்த படம்தான் திறந்தது. "தொட்டா ஒண்ணும் வரமாட்டேங்கு, எங்கையிலதான் கோளாறு போல" என்றார். கையில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் குறி எள்ளளவு இருந்தது. விரலால் தொடுகிற எதுவும் குறைந்தது 44 புள்ளி அகல உயரம் இருக்க வேண்டும் என்று ஆப்பிளும், 48 என்று கூகுளும் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்கின்றன. எங்களுடையது 20. அந்த மூன்று கோட்டையே எடுத்துவிட்டு, 'பாய்கள்', 'விலை', 'பேர் போட்ட பாய்', 'கூப்பிட' என்று நான்கு வார்த்தைகளைத் திரையின் அடியில் பெரிதாக வைத்தேன்.

ஆட்டோ அண்ணாச்சி முகவரிப் பட்டையைக் காட்டி, "இதுல பாதுகாப்பு இல்லன்னு போட்டுருக்கே, பணம் அனுப்பலாமா?" என்று கேட்டார். பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத (முகவரியில் https வராத) தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்தே அப்படிக் காட்டி வருகிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. தளம் தங்கியிருக்கும் சர்வரில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை. இத்தனை நாள் எத்தனை பேர் இதைப் பார்த்துத் திரும்பிப் போனார்களோ.

டீச்சர் காட்டியது தமிழ் எழுத்து. அந்த டிசைன் ஆங்கிலத்துக்காகச் செய்தது. வரிக்கும் வரிக்கும் இடைவெளி குறைவு. மேல்வரியின் 'கூ', 'ழு' வால்கள் கீழ்வரியின் 'கி', 'தீ' மேல்வளைவுகளில் போய் முட்டின. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டு, வரி இடைவெளியை எழுத்தளவைப்போல ஒன்றே முக்கால் மடங்காக்கினேன். சாம்பல் நிற எழுத்தைக் கறுப்பாக்கினேன். பொத்தானில் 'தொடர்புகொள்ளவும்' என்ற வார்த்தை உடைந்து இரண்டு வரியாக நின்றது. நம் வார்த்தைகள் நீளமானவை, சின்னப் பெட்டிக்குள் அடங்காது. 'கூப்பிட' என்று மாற்றியதும் அழகாக உட்கார்ந்துவிட்டது. கடையில் பேசுகிற வார்த்தையே பொத்தானுக்கும் பொருந்துகிறது என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அதிக நாள் பிடித்தது படங்கள்தான். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தோம், ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி. முதல் பக்கம் மட்டும் 23 எம்பி. பெரிய படமோ எழுத்தோ இரண்டரை நொடிக்குள் கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் கணக்கு. எங்களுடையது ஊர்ச் சிக்னலில் பதினாறு நொடி. படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற, இடம் குறைவாகப் பிடிக்கிற பட வடிவத்துக்கு மாற்றினேன். பக்கம் ஒன்றரை எம்பிக்கு இறங்கியது. ஆனால் ரொம்பச் சுருக்கியதில் கோரையின் இழை மறைந்து, பிளாஸ்டிக் பாய் மாதிரி தெரிந்தது! நாங்கள் விற்பதே அந்த இழையைத்தான். அதனால் ஒவ்வொரு பாய்க்கும் ஒரு படத்தை மட்டும் நல்ல தரத்திலேயே விட்டிருக்கிறேன். 'இழையைப் பார்க்க' என்று தொட்டால்தான் அது இறங்கும்.

நிறத்துக்கும் அதே பாடு. மத்தியான வெயிலில் எடுத்தால் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். காலை எட்டு மணிக்குத் திண்ணை நிழலில் விரித்து எடுத்த படத்தில்தான் சாயம் உள்ளபடி வந்தது. அளவு புரிவதற்கு, மூணுக்கு ஆறு பாயில் தங்கையை உட்காரவைத்து ஒரு படம், கட்டில் மேல் விரித்து ஒரு படம். 'கட்டிலுக்கு வருமா' என்ற கேள்வி நோட்டிலிருந்தே மறைந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள் என்ற வரியும், சுருட்டித்தான் அனுப்புவோம் என்ற வரியும் விலைக்குக் கீழேயே வந்துவிட்டன.

கடைசியில் படிவம். பதினோரு பெட்டி இருந்ததை நான்காக்கினேன்: போன் எண், தேவைப்படும் தேதி, பாயில் நெய்ய வேண்டிய முதல் பெயர், இரண்டாம் பெயர். தமிழில் தட்டத் தெரியாதவர்கள் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாம். எப்படி வந்தாலும், அந்தப் பெயரைப் பெரிய தமிழ் எழுத்தில் திருப்பி அனுப்பி, 'இந்த எழுத்துகளைத்தான் நெய்வோம், சரியா?' என்று கேட்கிறோம். கீழே இரண்டு பொத்தான்: 'சரி', 'திருத்த வேண்டும்'. 'சரி' வராமல் பாவு ஓட்டுவதில்லை.

போன மாதம் வீரவநல்லூரிலிருந்து ஒரு ஆர்டர். ராத்திரி பத்து மணிக்கு 'திருத்த வேண்டும்' வந்தது. மாப்பிள்ளை பெயரில் 'ழ' வர வேண்டிய இடத்தில் அவர்களே 'ள' போட்டிருந்தார்கள். திருத்தி அனுப்பினேன், காலையில் 'சரி' வந்தது. சாச்சியிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்தார். அப்புறம் கோரைக்கட்டை அவிழ்த்தார்.