டோர்டெசியாஸ்: மகாராணியைப் பூட்டி வைத்த ஊர்

டோர்டெசியாஸ் என்ற பெயரைப் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் ஒரே வரியில் படித்திருப்போம். 1494-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அட்லாண்டிக் கடலில் ஒரு கோடு கிழித்து, தங்களுக்குத் தெரியாத உலகத்தையெல்லாம் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அது கையெழுத்தான ஊர் இதுதான். வட ஸ்பெயினில், வய்யாடோலிட் நகரத்திலிருந்து பஸ்ஸில் சீக்கிரமே வந்துவிடலாம். கீழே டுவேரோ ஆறு, அதன்மேல் பழைய கல்பாலம், மேட்டில் ஊர். ஒப்பந்தம் பேசிய வீடுகளை மியூசியம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் வந்த எல்லோரும் அங்கேதான் போனார்கள். நானும் அக்காவும் வந்தது ஹுவானாவுக்காக.

ஹுவானா, இன்றைய ஸ்பெயினுக்குள் அடங்கும் காஸ்டீல் நாட்டின் அரசி இசபெல்லாவுக்கும் அரகான் நாட்டின் அரசர் பெர்டினாண்டுக்கும் பிறந்தவர். கொலம்பஸை அனுப்பி வைத்த அதே இசபெல்லாதான். 1504-ல் அம்மா இறந்ததும் காஸ்டீலின் முடி சட்டப்படி ஹுவானாவுக்கு வந்தது. 1555-ல் சாகும்வரை அது அவரிடமிருந்து போகவே இல்லை. ஆனால் 1509 முதல் 46 ஆண்டுகள் இந்த ஊரில் ஓர் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்தார். உள்ளே போனபோது வயது 29, இறந்தபோது 75. ஊரார் வைத்த பெயர் ‘பைத்தியக்கார ஹுவானா’. இன்றைக்கும் ஸ்பெயினில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பல நாடுகளில் பெண்ணுக்கு அரியணையே கிடையாது. பிரான்சில் கிடையாது. பெர்டினாண்டின் அரகானில் பெண் ஆள்வது வழக்கமில்லை. காஸ்டீலில் உண்டு. மகன் இல்லாவிட்டால் மகளுக்கு வரும். இசபெல்லா அப்படித்தான் 1474-ல் செகோவியாவில் முடி சூடினார். ஹுவானாவின் அண்ணன் 1497-ல் போனார், அக்கா 1498-ல் பிரசவத்தில் போனார், அக்காவின் குழந்தை 1500-ல் போனது. இன்றைய பெல்ஜியப் பகுதியான பிளாண்டர்ஸில் பர்கண்டி இளவரசர் பிலிப்பைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஹுவானாவின் தலையில் இப்படித்தான் காஸ்டீலின் கிரீடம் வந்து விழுந்தது.

ஹுவானாவுக்கு வந்த வினை அந்த உரிமைதான் என்று நான் நினைக்கிறேன். உரிமை இல்லாத ஒருத்தியைப் பூட்டி வைக்க யாருக்கும் அவசியமில்லை. ஹுவானா உயிரோடு இருக்கும்வரை அவர்தான் ராணி. ஆள ஆசைப்பட்ட ஆண்களுக்கு அவருடைய பெயர் வேண்டும், அவர் வேண்டாம். 1506 ஜூனில் கணவர் பிலிப்பும் அப்பா பெர்டினாண்டும் வில்லாஃபாஃபிலா என்ற ஊரின் பெயரால் வழங்கும் ஒப்பந்தத்தில், ஹுவானா ஆளத் தகுதியற்றவர் என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். அதுவரை அந்த இரண்டு பேரும் பகையாளிகள்! செப்டம்பரில் பிலிப் புர்கோஸில் திடீரென்று இறந்துபோனார். வயது 28.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. கணவனின் சவப்பெட்டியோடு ராத்திரி ராத்திரியாக ஊர் ஊராகப் போனாராம். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் பிரான்சிஸ்கோ பிராடில்யா 1877-ல் தீட்டிய பெரிய ஓவியம் இருக்கிறது. பொட்டல்வெளி, ஒரு பக்கம் சாய்ந்து அடிக்கும் புகை, தரையில் சவப்பெட்டி, அதன் எதிரே கறுப்பு உடையில் நிறைமாத வயிற்றோடு ஹுவானா. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் துக்கத்தைவிட அலுப்புதான் தெரிகிறது. அந்த ஓவியத்தின் முன்னால் நின்ற யாரும் ஹுவானாவை வேறு மாதிரி நினைக்க முடியாது.

ஓவியத்தில் இல்லாத இரண்டு சங்கதிகள் உண்டு. பிலிப்பைப் புதைக்க வேண்டிய இடம் தெற்கே கிரனாடா. அம்மா இசபெல்லாவும் அங்கேதான் இருக்கிறார். சவத்தை அங்கே கொண்டுபோவது பைத்தியக்காரத்தனம் இல்லை. இன்னொன்று, புர்கோஸை விட்டுக் கிளம்புவதற்கு முன் 1506 டிசம்பரில், அம்மா இறந்த பிறகு பிலிப் தன் ஆட்களுக்கு வாரிக் கொடுத்த மானியங்களையெல்லாம் ஹுவானா ரத்து செய்து ஆணையிட்டார். புத்தி பேதலித்தவர் செய்கிற வேலையா இது? அடுத்த மாதம் டோர்க்கெமாடா என்ற சிற்றூரில் கடைசி மகள் கத்தலினா பிறந்தாள். இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி, ஹுவானாவைத் தனக்குக் கட்டி வைக்கும்படி பெர்டினாண்டிடம் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். புதைக்காத கணவனின் சவம் பக்கத்தில் இருக்கும்வரை, ஒரு விதவையை மறுமணத்துக்கு யார் வற்புறுத்த முடியும்? துக்கம் அவருக்கு இருந்தது, மனச்சோர்வும் இருந்திருக்கும். முப்பது வயதுக்குள் ஆறு குழந்தை பெற்று, விதவையும் ஆனவர். அந்தத் துக்கத்துக்குள்ளும் அவர் யோசித்தார் என்பதுதான் எனக்குப் படுகிறது.

1509-ல் அப்பா பெர்டினாண்டு அவரை அடைத்து வைத்த அரண்மனை இன்று இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். ஆற்றைப் பார்த்த மேட்டில் சான் அந்தோலின் தேவாலயம், அருகில் ஹுவானாவின் வெண்கலச் சிலை. கொஞ்சம் நடந்தால் சாந்தா கிளாரா மடம். பிலிப்பின் சவப்பெட்டி 1525 வரை அங்கேதான் இருந்தது. மடம் ஆவதற்கு முன்னால் அது 14ஆம் நூற்றாண்டு ராஜ மாளிகை. முஸ்லிம் கைவினைஞர் மரபில் கட்டியது. கோயில் பகுதியின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தால் பொன் பூசிய நட்சத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டே போகின்றன. கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம்.

மடத்தின் முற்றத்தில் வைத்து அக்காவுக்குக் கத்தலினாவைப் பற்றிச் சொன்னேன். அம்மாவோடு அந்தக் குழந்தையும் அடைபட்டிருந்தது. அவளுடைய அறைக்கு அம்மாவின் அறை வழியாக மட்டும்தான் போக முடியும். 1517-ல் மூத்த அண்ணன் சார்லஸ் பிளாண்டர்ஸிலிருந்து வந்து பார்த்தபோது தங்கைக்குப் பத்து வயது, கம்பளி உடையில் ஏழை வீட்டுப் பெண்போல நின்றாளாம். ஆட்களை வைத்துச் சுவரைத் துளைத்துக் குழந்தையை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப் போனார்கள். ஹுவானா அன்ன ஆகாரம் தொடவில்லை. வேறு வழியில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

“பெத்த அம்மாவைப் பாத்துட்டுமா அவன் பூட்டைத் திறக்கலை?” என்றாள் அக்கா.

“திறக்கலை அக்கா. காவலுக்கு இன்னும் கடுமையான ஆளைப் போட்டான்.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பன், புருஷன், பிள்ளை... நம்ம ஊர்ல சாஸ்திரத்துல எழுதி வச்சதை இவங்க செஞ்சே காட்டிட்டாங்க” என்றாள்.

அந்தக் கடுமையான ஆள் தேனியா பிரபு. பெர்டினாண்டு 1516-லேயே இறந்துவிட்டார். அந்தச் செய்தியை ஹுவானாவிடமிருந்து பல ஆண்டுகள் மறைத்து, அப்பா உயிரோடு இருப்பதாகவே பேசி வந்தார்கள். இது எனக்குப் பூட்டைவிடக் கொடுமையாகத் தெரிகிறது. ஒருத்தியைச் சுற்றிப் பொய்யாலேயே ஓர் உலகத்தைக் கட்டி வைத்து, பிறகு அவளுக்கு உலக நடப்பு தெரியவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

1520-ல் ஒரு கதவு திறந்தது. பெர்டினாண்டுக்குப் பிறகு ஆண்டுவந்த மகன் சார்லஸ் ஜெர்மனிக்குப் போயிருந்தார். அவருடைய வரிகளையும் அயல்நாட்டு அதிகாரிகளையும் எதிர்த்து காஸ்டீல் நகரங்கள் கிளர்ந்தன. கிளர்ச்சிப் படை ஆகஸ்ட் 29 அன்று டோர்டெசியாஸுக்குள் வந்தது. தேனியாவைத் துரத்திவிட்டு ஹுவானா முன் மண்டியிட்டார்கள். ராணியின் ஒரு கையெழுத்து கிடைத்தால் போதும், மகனின் ஆட்சியே சட்டப்படி ஆட்டம் கண்டுவிடும். ஹுவானா அவர்களைச் சந்தித்தார், பேசினார், கேட்டுக்கொண்டார். தன்னிடம் பொய் சொல்லி ஏமாற்றியதைக் குறையாகச் சொன்னார். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் கெஞ்சியும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர் 5 அன்று அரசப்படை ஊரைத் திரும்பப் பிடித்தது. அடுத்த ஏப்ரலில், பக்கத்திலேயே இருக்கும் வில்லாலாரில் கிளர்ச்சி நசுங்கியது. தலைவர்கள் பாடில்யா, பிராவோ, மால்டோனாடோ மூவர் தலையும் உருண்டன.

பைத்தியம் என்பதால்தான் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதுவோரும் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. அவரிடம் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அந்தக் கையெழுத்து. அதை மகனுக்கு எதிராகப் போட மறுத்தார். அவர் மறுத்ததால்தான் சார்லஸின் அரியணை நின்றது. கைம்மாறாக மகன் செய்தது, தேனியாவைத் திரும்பவும் காவலுக்கு அனுப்பியது.

1525-ல் கத்தலினாவை போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜானுக்கு மணம் முடித்து அனுப்பினார்கள். ஹுவானா தனியானார். அம்மாவிடமிருந்து தூக்கிப் போய்த் திரும்பக் கொண்டுவந்த அந்தப் பெண் லிஸ்பனில் அரசியானாள். அந்தக் கணவர் அனுப்பி வைத்துத்தான் 1542-ல் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இலங்கையில் செதுக்கிய தந்தப் பேழைகளை விரும்பிச் சேர்த்தவர் கத்தலினா. கணவர் இறந்ததும் 1557 முதல் 1562 வரை, பேரன் செபஸ்தியானுக்காக போர்ச்சுகலை ஆண்டதும் அவரேதான். அம்மாவிடமிருந்து பறித்ததை மகள் இன்னொரு நாட்டில் செய்து காட்டினார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்த மியூசியத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். சாந்தா கிளாராவுக்குள் நாங்கள் போனபோது வழிகாட்டியோடு மட்டும்தான் விட்டார்கள், அதனால் நேரம் பார்த்துப் போங்கள். அரண்மனை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டு, அந்த மேட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஹுவானாவின் சமாதி இங்கே இல்லை, 1574-ல் பேரன் இரண்டாம் பிலிப் கிரனாடாவுக்கு மாற்றிவிட்டார். அங்கே அரச சிற்றாலயத்தில் மேலே பளிங்குச் சிற்பம், படியிறங்கினால் கீழே பெட்டிகள். அம்மா, அப்பா, கணவர், ஹுவானா நால்வரும் ஒரே சின்ன அறையில்.