மத்தியானத் தூக்கத்தில் தெரிவது

குடியாத்தம் பக்கம் ஒரு அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்த பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் படும். ஒருத்தன் கழுத்தை அண்ணாந்து, வாயைத் திறந்து தூங்குவான். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழும். குறட்டை சட்டென்று நிற்கும்; நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். அப்புறம் திணறிப் புரண்டு படுப்பான். ஃபேன் ஓடினாலும் தலை வேர்த்திருக்கும்.

"பிள்ளை நல்லா அசந்து தூங்குது" என்பார் அவன் பாட்டி. எங்கே அசந்து தூங்குகிறான்? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையில் டான்சிலும் பெருத்து மூச்சு வழியை அடைக்கின்றன. இரண்டிலிருந்து எட்டு வயது வரை இது அதிகம். ராத்திரி பாயை நனைப்பதற்கும், பகலில் ஓரிடத்தில் உட்காராததற்கும்கூட இது காரணமாகலாம். தூக்கம் கெட்டால் நாம் சோர்ந்து விழுவோம். பிள்ளைகள் பல நேரம் ஆட்டம் போடுவார்கள். வால் என்று பேர் வாங்கி, அடியும் வாங்குவார்கள்.

இவன் அம்மா பீடி சுற்றுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஏற்கெனவே ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார். உள்ளே கூப்பிட்டபோது பையன் பிஸ்கட் தின்றுகொண்டு ஜோராக இருந்தான். சளி மருந்து எழுதி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் படுக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது.

அதனால் பிள்ளை தூங்குவதைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்வேன். "விடியக்காலையில சட்டையைக் கழட்டிட்டு, லைட்டைப் போட்டு, வாயும் நெஞ்சும் தெரியற மாதிரி ரெண்டு நிமிஷம் எடும்மா. சத்தம் கேக்கணும்." விடியும் நேரத்தில்தான் அடைப்பு கூடுதலாக இருக்கும். பிள்ளைகளைப் பரிசோதிக்க அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) டாக்டரிடம் அந்த வீடியோவைக் காட்டினோம். 2013-இல் தொடங்கிய திட்டம். 18 வயது வரை பார்ப்பார்கள். சீட்டு எழுதிக் கொடுத்தார். வேலூரில் பஸ் மாறி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, காது மூக்கு தொண்டைப் பிரிவு. அங்கேயும் முதலில் வீடியோவைத்தான் பார்த்தார்கள்.

அடினாய்டையும் டான்சிலையும் எடுக்க ஆபரேஷன் என்றதும் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை நாள் வேலை போகும் டீச்சர்?" நியாயமான கேள்வி. வலி அடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை கூடவே ஆள் வேண்டும், ரத்தம் துப்பினால் உடனே ஓட வேண்டும் என்றேன். ஊரிலிருந்து தங்கையை வரச் சொல்லிவிட்டுத்தான் தேதி வாங்கினார்.