பிரிஜித் அம்மாவுக்கு நேர்ந்துகொண்டது

இரண்டு வருஷம் என் மகள் ஒற்றைத் தலைவலியில் பட்ட பாடு அயர்லாந்துப் புனிதரான பிரிஜித் அம்மாவுக்குத்தான் தெரியும். ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு இருட்டில் சுருண்டு கிடப்பாள். பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டிதான் ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் கொடுத்தார். ஜனவரி 31 இரவு வாசலில் போட்டு வைத்தது. அம்மா அந்த வழியே போகையில் தொட்டுவிட்டுப் போவாராம். அந்தத் துணியை 'பிராட் பிரீஜா', அதாவது பிரிஜித்தின் போர்வை என்கிறார்கள். மருந்தையும் விடவில்லை, அதையும் நெற்றியில் கட்டினேன். குணமானால் அயர்லாந்தின் கிளேர் மாவட்டம் லிஸ்கேனரில் உள்ள அம்மாவின் புனிதக் கிணற்றுக்கு வருகிறேன் என்று அன்றே நேர்ந்துகொண்டேன்.

ஜூலைக் கடைசி ஞாயிறு, அந்தக் கிணற்றின் பழைய விசேஷ நாள். அதே நாளில் போனோம். மோஹர் கடலோரச் செங்குத்துப் பாறைகள் பக்கத்தில் இருப்பதால் ரோட்டில் சுற்றுலா பஸ்கள். வண்டி நிறுத்த முக்கால் மணி நேரம். கிணறு இருக்கும் குகைபோன்ற கெபிக்குள் செபம் சொல்கிறவர்களை இடித்துக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள். மனசு வலித்தது. செடியில் துணிக்குப் பதிலாக நைலான் நாடாவைக் கட்டிவிட்டும் போகிறார்கள். துணி மக்க மக்க நோய் கரையும் என்பதல்லவா நம்பிக்கை? நைலான் எப்போது மக்கும்?

கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் அம்மாவின் சுரூபத்தை வலமாகச் சுற்றி, செபமாலை சொல்லி முடித்து உள்ளே போனேன். குறுகலான ஈரப் பாதை. இரண்டு பக்கச் சுவரிலும் செபமாலைகள், சுரூபங்கள், இறந்தவர்களின் படங்கள். ஊன்றுகோல் ஒன்று சாய்ந்திருந்தது. பின்னல் தொப்பி போட்ட ஒரு குழந்தையின் போட்டோ, ஈரத்தில் முகம் பாதி அழிந்திருந்தது. தொப்பியின் நீலம் மட்டும் அப்படியே இருந்தது. நன்றி சொல்ல வந்தவள், பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்காக அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். கையை விட்டேன், எலும்பு வரை குளிர்ந்தது. என் மகள் குனிந்து ஒரு கை அள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசாமல் சிரித்தாள். அம்மா, தாயே, ஆறு மாதமாக ஒரு நாள்கூட அவளுக்கு வலி வரவில்லை!

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "தண்ணீரில் விலாங்கு தெரிந்ததா?" என்பதுதான். விலாங்கைக் கண்டவர்களுக்கு நோய் போய்விடும் என்பார்கள்.

"இல்லை பாட்டி" என்றேன்.

என் மகளின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு நாங்கள் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து தன் மூட்டுகளில் தடவிக்கொண்டார்.