மூன்றாவது இழுப்பறை

புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் செவிலியராகச் சேர்ந்த முதல் வாரமே, என் அறை வாசலைக் கடக்கும் எல்.கே.ஜி. பிள்ளைகள் எதிர்ச்சுவரை ஒட்டிக்கொண்டு ஓடுவதைக் கவனித்தேன். பஞ்சு, காஸ் துணி, தெர்மாமீட்டர், பாராசிட்டமால் சிரப் ஆகியவற்றைத் தவிர அந்த அறையில் வேறொன்றும் கிடையாது. ஆனால், "சோறு சாப்பிடலேன்னா நர்ஸம்மாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று வீட்டிலும், பேசினால் அந்த அறைக்கு அனுப்பிவிடுவதாக வகுப்பிலும் மிரட்டி மிரட்டி, நான் வருவதற்கு முன்பே எனக்குப் பூச்சாண்டி வேடம் கட்டி வைத்திருந்தார்கள்.

முழுப் பழியையும் அவர்கள் மேல் போட எனக்கு யோக்கியதை இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோரே கலங்கியிருந்தார்கள். சுகாதாரக் குழுவுக்கு உதவியாக இருந்த நான், முதல் வகுப்புச் சிறுவன் ஒருவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வலிக்கவே வலிக்காது கண்ணு" என்றேன். ஊசி இறங்கியதும் அவன் அழவில்லை. திரும்பி என் முகத்தையே பார்த்தான். மறு வருடம் ஒரு நாள் காய்ச்சலோடு பெஞ்சில் சுருண்டு கிடந்தவன், ஆசிரியை எவ்வளவு சொல்லியும் என் அறைக்கு வர மறுத்துவிட்டதால், தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நான்தான் அவனிடம் போக வேண்டியிருந்தது. 'வலிக்காது' என்ற சொல்லை அன்றோடு விட்டேன்.

பிறகொரு நாள், மைதானத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட சிறுமி ஒருத்தி, பாவாடையை இழுத்துக் காயத்தை மறைத்தபடி கதவருகிலேயே நின்றாள்.

"ஊசி எங்க வெச்சிருக்கீங்க மிஸ்?"

"நீயே தேடிப் பாரு பாப்பா" என்று மேசையைக் காட்டினேன். முதல் இரண்டு இழுப்பறைகளைத் திறந்து மூடினாள். மூன்றாவதில் கத்தரிக்கோலைக் கண்டதும் கை நின்றுவிட்டது. அந்தக் கத்தரிக்கோலாலேயே ஒரு துண்டு பிளாஸ்திரியை நறுக்கி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை என் பென்சிலுக்குச் சுற்றி, அழுத்தி ஒட்டிவிட்ட பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணல் ஒட்டிய காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதால், எரியும் என்றும் பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும் என்றும் சொன்னேன். பதினான்கு வரை எண்ணிவிட்டு, "பத்துன்னுதானே சொன்னீங்க?" என்று கணக்குக் கேட்டாள். இப்போதெல்லாம் இருபது என்றே சொல்கிறேன். அதற்கு முன்பே எரிச்சல் அடங்கிவிட்டால் பிள்ளைகள் தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் இவ்வளவு பாடு இல்லை. கையில் வாங்கி மோந்து பார்க்கவிட்டால் மென்று தின்றுவிடுகிறார்கள். பெற்றோரை வழிக்குக் கொண்டுவருவதுதான் கடினம். என் பெயரைச் சொல்லி மிரட்ட வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டபோது, ஒரு பாட்டி எழுந்து, "அப்புறம் எதைச் சொல்லிம்மா சோறு ஊட்டறது?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்தச் சிறுமி இப்போது இரண்டாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாளாவது வயிற்று வலி என்று வந்து, மூன்றாவது இழுப்பறையைத் தானே திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். வலி கணக்குப் பாடவேளையில் மட்டுமே வருவதால், அவளுடைய ஆசிரியையிடம் பேச வேண்டியிருக்கிறது.