பட்டர்நட் பூசணி பாஸ்தா பேக்: ஒரு குளிர்காலக் குறிப்பு

பூசணி சேர்த்த பாஸ்தாவை ஓவனில் வைத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். இல்லையென்றால் சாஸ் முழுவதையும் பாஸ்தாவே குடித்துவிட்டு, கத்தி வைத்து வெட்ட வேண்டிய கட்டியாக இறுகிவிடும். இந்தக் குளிர்காலம் முழுக்க நான் செய்து பார்த்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பதத்தைப் பிடிக்கத்தான். காயிலிருந்து தண்ணீரை விரட்ட வேண்டும். சாஸில் தண்ணீரைத் தாராளமாக விட வேண்டும். கேட்க முரணாக இருக்கும், ஆனால் மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது.

அக்டோபர்

மாசசூசெட்ஸில் இருந்துகொண்டு பட்டர்நட்டை விட்டு வேறு பூசணியில் தொடங்குவது நியாயமில்லை. இது இந்த மண்ணின் காய். 1940களில் ஸ்டோவ் என்ற சிறிய ஊரில் சார்லஸ் லெக்கெட் என்பவர் உருவாக்கியது. பின்னால் வந்த வால்தம் பட்டர்நட் என்ற ரகம் 1970இல், புது ரக விதைகளுக்குத் தரும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருதை வாங்கியது. இன்றும் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதைத்தான் அதிகம் போடுகிறார்கள். தாவர இனம் என்று பார்த்தால் நம் ஊர்ப் பரங்கிக்காயும் இதுவும் ஒன்றே, குக்குர்பிட்டா மொஸ்சாட்டா. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 பரங்கி ரகங்களும் இதே இனம்தான்.

வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. கழுத்தும் வயிறும் சேரும் இடத்தில் முதலில் குறுக்கே வெட்டிவிட வேண்டும். இரண்டு துண்டும் தட்டையாகப் பலகையில் நிற்கும், உருளாது. கழுத்தில் விதை கிடையாது, முழுக்கச் சதை. அதைச் சதுரத் துண்டுகளாக்க வைத்துக்கொண்டேன். வயிற்றுப் பகுதி மசிப்பதற்கு. தோல் சீவியதும் வெளிறிய ஆரஞ்சுப் பரப்பில் பொட்டுப் பொட்டாகப் பால் மாதிரி ஒரு சாறு பூக்கும். அது கையில் பட்டுக் காய்ந்தால் உள்ளங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சோப்புக்கும் சட்டென்று போகாது. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு சீவினால் தொல்லையில்லை. (வீட்டில் அரிவாள்மனை இருப்பவர்களுக்கு இந்தப் பத்தியே தேவைப்படாது.)

வேக வைப்பதை மூன்று விதமாகச் செய்து ஒப்பிட்டேன். தண்ணீரில் வேக வைத்தது நிறத்திலேயே தோற்றுவிட்டது. குக்கர் ஆவியில் வைத்தது பரவாயில்லை. ஓவனில் சுட்டதற்குப் பக்கத்தில் இரண்டும் நிற்காது. துண்டுகளை எண்ணெய், உப்பு புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 40 நிமிடம். ஒரு கிலோ துண்டு உள்ளே போனால் முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் வெளியே வருகிறது. போன எடை அத்தனையும் தண்ணீர். விளிம்பெல்லாம் கருகலுக்கு ஒரு படி முன்னால் பழுப்பாகியிருக்கும்.

மசித்த பிறகு ஒரு சோதனை. கிண்ணத்தில் கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். கோட்டுக்குள் நீர் கசிந்தால் வாணலியில் போட்டு இன்னும் கிளற வேண்டும். கோடு உலர்ந்தே இருந்தால் சரி.

நவம்பர்

இந்த மாதம் சாஸ். அடிப்படை வெள்ளை சாஸ்தான். 45 கிராம் வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் அதே அளவு மைதா, பச்சை வாசனை போகும்வரை வறுத்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கட்டி தட்டாது. பால் எவ்வளவு என்பதில்தான் கேள்வி. வழக்கமான கணக்குக்கு அரை லிட்டர் போதும். ஆனால் பூசணி விழுதும் சேரப்போகிறது, அது தன் பங்குக்குச் சாஸைக் கெட்டியாக்கும். அரை வேக்காட்டில் போகும் பாஸ்தா ஓவனுக்குள்ளும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பாலை ஒவ்வொரு தட்டுக்கும் கூட்டிக்கொண்டே போனேன். 900 மில்லியில் வந்து நின்றது. ஓவனுக்குள் போகும்போது மோர்க்குழம்பு பதத்தில் தளரத் தளர இருக்க வேண்டும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

பாஸ்தாவுக்கு ரிகடோனி. குழாயின் வாய் அகலமாக இருப்பதால் சாஸ் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியில் 12 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிடுகிறேன். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடித்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டிசம்பர்

பதம் பிடிபட்டதும் அடுத்த பிரச்சினை தலை காட்டியது: இனிப்பு. சேமித்து வைத்த பட்டர்நட்டில் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறும். அக்டோபரில் வாங்கிய காயை டிசம்பரில் வெட்டினால் வித்தியாசம் நாக்கிலேயே தெரிகிறது. பாலும் இனிப்பு, சுட்டதால் வந்ததும் இனிப்பு. நாலு வாய்க்கு மேல் திகட்டுகிறது.

இத்தாலியில் மாந்துவா பக்கம் இதை மறைக்கவே மாட்டார்கள். அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சாப்பிடும் பூசணித் தோர்த்தெல்லி என்ற பூரணம் வைத்த பாஸ்தாவுக்குள் அமரெட்டி என்ற இனிப்பு பிஸ்கட்டையே பொடித்துப் போடுகிறார்கள். ஆனால் கூடவே மொஸ்தார்தாவும் போகும். கடுகின் காரம் ஏற்றிய பழப்பாகு அது. இனிப்பை அப்படியே இருக்க விட்டு, குறுக்கே கடுகை வைக்கிறார்கள். அதைப் படித்ததும் வெள்ளை சாஸில் இரண்டு டீஸ்பூன் டிஜோன் கடுகு விழுது கலந்தேன். கடுகு என்று தனியாக யாரும் கண்டுபிடிக்க முடியாது, திகட்டல் மட்டும் போய்விட்டது. இந்த வருடத்தின் நல்ல வேலை இதுதான்.

அந்த நேரம் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். கரண்டியில் சாஸை ருசி பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, இது நம்ம பரங்கிக்காய்தான். காரமும் புளிப்பும் இல்லாம எப்படி இறங்கும்?” என்றார். வரமிளகாயைக் கிள்ளி வெண்ணெயில் வறுத்துச் சேர்த்தோம், கடைசியில் அரை எலுமிச்சை. புளிக்கரைசல் வேண்டும் என்று அவர் கேட்டதை மட்டும் பணிவாக மறுத்துவிட்டேன், பாலோடு அது ஒத்துவராது.

அத்தை சுத்த சைவம், அதனால் சீஸ் விஷயத்தில் கவனம் தேவைப்பட்டது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா படானோ இரண்டுமே கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட்டில் (பாலைத் திரிக்கும் பொருள்) செய்பவை, விதிமுறையே அப்படித்தான். வெஜிடபிள் ரெனெட் அல்லது மைக்ரோபியல் ரெனெட் என்று போட்ட பழுத்த செடார் 200 கிராம் சாஸுக்குள், மொஸரெல்லா 150 கிராம் மேலே. இழுபடுவதற்கு மொஸரெல்லா, சுவைக்குச் செடார். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘பாஸ்தா மிக்ஸ்’ என்று விற்கும் பாக்கெட் வேண்டாம். துருவலில் ஒட்டாமல் இருக்கத் தூவியிருக்கும் மாவு, சாஸை மணல் மணலாக்குகிறது.

சேஜ் என்ற மேலைநாட்டு வாசனை இலையா, கறிவேப்பிலையா என்று ஒரே தட்டை இரண்டாகப் பிரித்தும் பார்த்தேன். மனசு கறிவேப்பிலை பக்கம்தான். ஆனால் சீஸுக்கு அடியில் அரை மணி நேரம் கிடந்தால் அதன் மணம் ஓடிவிடுகிறது, சேஜ் தாக்குப்பிடிக்கிறது. அதனால் சேஜ் உள்ளே. கறிவேப்பிலை வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரிந்து, தட்டு வெளியே வந்த பிறகு மேலே. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் முதலில் காலியானது அந்த மேல்பகுதிதான்.

ஜனவரி

வேறு பூசணி வகைகள். ஏக்கார்ன் நாராக இருக்கிறது, நீரும் அதிகம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கபோச்சா வேறு இனம், குக்குர்பிட்டா மாக்சிமா. உலர்ந்த சதை, சர்க்கரைவள்ளி மணம். சாஸில் சேர்த்தால் பால் ஒரு கப் கூடுதலாகக் கேட்கிறது. பட்டர்நட் இரண்டு பங்குக்குக் கபோச்சா ஒரு பங்கு கலந்தால் தனிப் பட்டர்நட்டைவிட ருசி என்பது என் கட்சி, வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. டப்பாவில் வரும் பூசணி விழுது அவசரத்துக்கு உதவும். பெரும்பாலும் டிக்கின்சன் என்ற மொஸ்சாட்டா ரகம். ஆனால் வாணலியில் பத்து நிமிடம் வறட்டினால்தான் டப்பா வாசனை விடுகிறது.

பிப்ரவரி

இப்போது செய்வது இப்படி. 13க்கு 9 அங்குலத் தட்டு, ஒரு பெட்டி ரிகடோனி (454 கிராம்), அரை கிலோ பூசணி விழுது, மேலே சொன்ன சாஸ், துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, மிளகு தாராளமாக. எல்லாவற்றையும் கலந்து, சுட்ட கழுத்துத் துண்டுகளைச் செருகி, இறுகலாகத் தெரிந்தால் பாஸ்தா தண்ணீர் விட்டு, ஃபாயில் மூடி 400 டிகிரியில் 20 நிமிடம், திறந்து இன்னும் 10 நிமிடம். ஓரங்களில் கொதி தெரிய வேண்டும். எடுத்த பிறகு 15 நிமிடம் யாரையும் பக்கத்தில் விடக் கூடாது. அதற்குள்தான் சாஸ் பாஸ்தாவோடு சேர்ந்து நிற்கிறது.

மறுநாள் சூடாக்கும்போது கால் கப் பால் தெளித்து மூடி வைத்தால் புதிதாகச் செய்தது போலத் தளர்ந்துவிடும். உறைய வைப்பதானால் சுடுவதற்கு முன்பே வைக்க வேண்டும், மொஸரெல்லா போடாமல். ஃப்ரீசரில் அப்படி ஒரு தட்டு இருக்கிறது. அடுத்த முறை ரிகடோனிக்குப் பதில் லசான்யா ஏடுகள், நடுவே வதக்கிய கேல் கீரை ஒரு அடுக்கு. கீரையின் கசப்பு இருந்தால் கடுகைக் குறைக்கலாமா என்று பார்க்க வேண்டும்.