குவில்ட் துண்டுத்துணிகளை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்த அனுபவம்

சிறு துணித் துண்டுகளை இணைத்துக் குவில்ட் போர்வை தைப்பவர்களிடம் புதுத் துணியைவிட வேகமாகப் பெருகுவது வெட்டி மிஞ்சிய துணிதான். ஒவ்வொரு வேலை முடியும்போதும் சில துண்டுகள் மிஞ்சுகின்றன. நல்ல பருத்தித் துணியைத் தூக்கியெறிய மனம் வராததால் அவை ஒரு பைக்குள் போகின்றன. பை நிரம்பியதும் இன்னொரு பை வருகிறது. என்னிடம் அப்படிச் சேர்ந்த பைகளைப் பிரித்து, குறித்த அளவுகளில் வெட்டி, பெட்டிகளில் அடுக்கும் வேலையைச் சில காலமாகச் செய்துவருகிறேன். பைகள் இன்னும் தீரவில்லை என்றாலும் முறை ஓரளவு நிலைபெற்றுவிட்டதால், இதுவரை செய்ததை எழுதிவைக்கிறேன்.

துணிகளை நிறவாரியாக அடுக்குவதுதான் பரவலான வழக்கம். 18க்கு 22 அங்குலம் கொண்ட ஃபேட் குவார்ட்டர் போன்ற பெரிய துணிகளுக்கு அது முற்றிலும் பொருந்தும். அவற்றிலிருந்து வேண்டிய வடிவத்தை வெட்டிக்கொள்ள முடியும் என்பதால், எதை எடுப்பது என்பதை நிறமே முடிவு செய்கிறது. கையகலத் துண்டின் நிலை வேறு. அதில் எந்த அளவுச் சதுரம் கிடைக்கும் என்பதுதான் முதலில் எழும் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தைக்க உட்காரும் நேரத்தில் விடை தேடினால் அன்றைய பொழுது துழாவுவதிலேயே கழிந்துவிடும். துண்டை எடுத்துவைக்கும்போதே விடையையும் முடித்து வைத்துவிட வேண்டும் என்பதே நான் பின்பற்றும் முறையின் அடிப்படை.

அளவுகளைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். குவில்ட் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் ¼ அங்குலம் தையலுக்குப் போகும்; ஆகவே வெட்டிய சதுரம், தைத்து முடித்த பிறகு ½ அங்குலம் குறைவாகத் தெரியும். இந்தக் கணக்கை வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது, 1½, 2, 2½, 3½, 5 ஆகிய ஐந்து அளவுகளும் ஒன்றுக்கொன்று உறவு கொண்டிருப்பது புலப்பட்டது. 1½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்தால் கிடைக்கும் நைன் பேட்ச் கட்டம், வெளி ஓரங்கள் இன்னும் தைக்கப்படாத நிலையில், சரியாக 3½ அங்குலம். 2 அங்குலச் சதுரங்கள் நான்கைச் சேர்த்தாலும் அதே 3½ அங்குலம். 2 அங்குலச் சதுரங்கள் ஒன்பது சேர்ந்தால் 5 அங்குலம். 2½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதும் 3½ அங்குலச் சதுரங்கள் நான்கும் தனித்தனியே 6½ அங்குலக் கட்டத்தைத் தருகின்றன. அதாவது ஒரு பெட்டியில் உள்ளவற்றைத் தைத்தால் வரும் கட்டம், அடுத்த பெட்டியில் தைக்காமல் இருக்கும் சதுரத்துக்குப் பக்கத்தில் அப்படியே பொருந்தும். 3 அங்குலத்துக்கும் 4 அங்குலத்துக்கும் பெட்டி வைக்காததற்கு இதுவே காரணம். கூடவே 2½ அங்குலமும் 5 அங்குலமும் கடைகளில் வெட்டியே விற்கும் ஜெல்லி ரோல் பட்டைகள், சார்ம் பேக் சதுரங்கள் ஆகியவற்றின் அளவுகள் என்பதால், அவற்றில் மிஞ்சுபவை அதிகம் வெட்டாமலே பெட்டிக்குப் போய்விடுகின்றன.

வெட்டும் வரிசை எளியது. துண்டை இஸ்திரி போட்டு விரித்து, அதில் அடங்கும் மிகப் பெரிய அளவை முதலில் வெட்டிவிட்டு, மிச்சத்தில் அடுத்த அளவைத் தேடுகிறேன். கவனிக்க வேண்டியது இழை ஓடும் திசை. பாவு நூலின் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) போக்கில் துணி மிகக் குறைவாக நீளும், ஊடையின் (அகலவாக்கில் ஓடும் நூல்) போக்கில் சற்றுக் கூடுதலாக நீளும், மூலைவாட்டில் சாய்வாக இழுத்தால் ரப்பர்போல் நீளும். சதுரத்தின் ஓரம் இந்தச் சாய்வுத் திசையில் அமைந்துவிட்டால், தைக்கும்போது அது இழுபட்டுக் கட்டமே கோணிவிடும். ஆகவே முக்கோணமாக மிஞ்சும் துண்டுகளில், நீண்ட ஓரத்தை ஒட்டிச் சதுரம் வெட்டத் தோன்றினாலும், இழையைப் பார்த்துச் சிறிய சதுரமாகவே வெட்டுகிறேன். துணியின் கரைப்பகுதி நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதாலும் துவைத்தால் வேறு விதமாகச் சுருங்கக்கூடும் என்பதாலும் அதைச் சதுரங்களில் சேர்ப்பதில்லை.

துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். சிறு துண்டுகளைத் துவைத்தால் பிசிறு பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வலைப்பையில் போட்டாலும் ஓரங்கள் தேய்ந்து அளவு குறையும். ஆகவே துணி முழுதாக இருக்கும்போதே துவைத்துவிடுகிறேன். அழுத்தமான சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை என்பதால், அவற்றின் ஈரத் துண்டை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே பெட்டிக்குள் விடுகிறேன்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தடுப்பு வைத்து, வெளிர்நிறம் ஒரு பக்கமும் அடர்நிறம் மறு பக்கமுமாகப் பிரித்திருக்கிறேன். ஒரு கட்டத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான்; பச்சையா ஊதாவா என்பது அதற்குப் பிறகுதான். நடுத்தரமான நிறங்களில் சந்தேகம் வந்தால், பல துண்டுகளைச் சேர்த்து வைத்து அலைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்க்கிறேன். வண்ணத்தில் தூக்கலாகத் தெரியும் ஆரஞ்சும் அடக்கமான சாம்பலும் படத்தில் ஒன்றாகவே தெரிவதைப் பார்க்கும்போது கண்ணை அவ்வளவாக நம்ப முடிவதில்லை.

பெட்டிகள் பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் வகை. பி.வி.சி. பைகளும் சாதாரண அட்டைப்பெட்டிகளும் நாளடைவில் துணியை மஞ்சளாக்கக்கூடும். ஒளி பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் உள்ளிருப்பது வெளியே தெரியும் பெட்டிகளை மூடிய அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். நீராவி இஸ்திரி போட்ட துணி நன்றாக உலர்ந்த பிறகே உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போட்ட துணி பூச்சிகளை அழைக்கும் என்பதால் கஞ்சி தைக்கும் அன்றைக்கு மட்டும். அந்துருண்டையை நான் அண்டவிடுவதில்லை: அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு ஆகியவற்றையே, தூய பருத்தியை அல்ல.

சதுரத்துக்கு இடம் தராத நீண்ட பட்டைகள் தனிப் பையில் இருக்கின்றன. ஒரு அங்குலத்துக்கு மேல் அகலமிருந்தால் காகிதத்தின் மேல் சாய்வாக வரிசையாகத் தைத்துக் கட்டமாக்கிக்கொள்ளலாம். அதற்கும் குறைவானவை ஊசி குத்தும் பஞ்சணைக்குள் திணிக்கப் போகின்றன. எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டதால்தான் வேலை நகர்கிறது. முக்கோணங்களுக்கு மட்டும் இன்னும் ஒழுங்கான வழி கிடைக்கவில்லை.

2 அங்குலப் பெட்டிதான் மற்றவற்றை முந்திக்கொண்டு நிரம்புகிறது. ஆகவே அடுத்த போர்வை அதிலிருந்தே: 2 அங்குலச் சதுரங்களால் ஆன நைன் பேட்ச் கட்டமும், 5 அங்குலச் சதுரமும் மாறி மாறி வரும் அமைப்பு. அகலத்தில் 12, நீளத்தில் 14 என்று வைத்தால் 54க்கு 63 அங்குலப் போர்வை கிடைக்கும். அதற்கு 84 நைன் பேட்ச் கட்டங்களும் 84 முழுச் சதுரங்களும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து அடர்நிறம், நான்கு வெளிர்நிறம் என்றால் 420 அடர்நிறச் சதுரங்களும் 336 வெளிர்நிறச் சதுரங்களும் தேவை. அடர்நிறம் போதுமான அளவு இருக்கிறது, வெளிர்நிறம் போதாது. 42 அங்குலம் பயன்படும் அகலமுள்ள துணியில் வெட்டும் 2 அங்குலப் பட்டை ஒவ்வொன்றும் 21 சதுரங்கள் தரும் என்பதால், குறைவதை முழுத் துணியிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.